பஞ்சாயத்துக்கு எந்தக் கணினி?

(பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கான பயிற்சி முகாமில் நிகழ்த்திய சொற்பொழிவு)



உழவு மாடு வாங்கச் சந்தைக்குச் செல்லும் விவசாயி முதலில் விலையைக் கேட்பதில்லை. பல்லைப் பிடித்துப் பார்க்கிறார், சுழி பார்க்கிறார், நாலடி நடக்கவிட்டுப் பார்க்கிறார். தமது நிலம் களியா செம்மண்ணா, மாடு ஏருக்கா வண்டிக்கா என்பதையெல்லாம் மனத்தில் நிறுத்திக்கொண்ட பின்னரே, துண்டை மூடி விரலைப் பிடித்து விலை பேசத் தொடங்குகிறார். கணினி வாங்குவதிலும் இந்தக் கவனம் வேண்டும் என்று கூறவே இன்று நாம் வந்துள்ளோம்.

பஞ்சாயத்து அலுவலகத்திற்குக் கணினி வாங்கும் தீர்மானம் கூட்டத்திற்கு வரும்பொழுது பெரும்பாலும் எழும் கேள்வி ஒன்றே: “இருபதாயிரம் ரூபாய் அளவில் சிறியதாக ஒன்று கிடைக்கிறதாமே, அது போதாதா? அதைப்போல் இரண்டு பங்கு கொடுத்துப் பெரியதை எதற்காக வாங்க வேண்டும்?” கேள்வி நியாயமானதே. பஞ்சாயத்தின் பொது நிதியில் உள்ள பணம், ஊர் மக்கள் வீட்டு வரியாகவும் குடிநீர்க் கட்டணமாகவும் கொடுத்த பணம். அதை இறுக்கிப் பிடித்துச் செலவிட வேண்டும் என்று ஓர் உறுப்பினர் எழுந்து கேட்டால், அவரை நாம் பாராட்ட வேண்டுமேயன்றிக் குறை கூறலாகாது. ஆனால் அந்தக் கேள்விக்கு விடை கடைக்காரரிடம் இல்லை. பஞ்சாயத்து அலுவலகத்தில் அன்றாடம் நடக்கும் வேலையில்தான் இருக்கிறது.

முதலில் இந்தச் சிறு கணினி எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகக் கூறிவிடுவோம். 2005ஆம் ஆண்டில் துனிசியா நாட்டின் தலைநகரில் நடைபெற்ற உலக மாநாட்டில், நிக்கலஸ் நெக்ரோபாண்டி என்ற அமெரிக்கப் பேராசிரியர் பச்சை நிறமுள்ள ஒரு சிறிய கணினியை எடுத்துக் காட்டினார். ஏழை நாட்டுக் குழந்தைகளுக்கு நூறு டாலர் விலையில் ஆளுக்கொரு கணினி என்பது அவரது கனவு. மின்சாரம் இல்லாத ஊரிலும் இயங்கும்பொருட்டு அதன் பக்கத்தில் கையால் சுழற்றும் ஒரு கைப்பிடியும் இருந்தது. 2007இல் அக்கணினி ஆலையிலிருந்து வெளிவந்தபோது கைப்பிடியைக் காணோம்; விலையும் ஏறத்தாழ இருநூறு டாலர் ஆகிவிட்டது. எனினும் அந்த முயற்சி ஒரு கதவைத் திறந்துவிட்டது. அதே 2007இல் தைவான் நாட்டின் அசுஸ் நிறுவனம் ஏழு அங்குலத் திரையுள்ள சிறு கணினி ஒன்றைக் கடைக்கே கொண்டுவந்தது. ‘நெட்புக்’ என்ற பெயரில் அவ்வினக் கணினிகள் சில ஆண்டுகள் அமோகமாக விற்றன. பின்னர் தொடுதிரைப் பலகைகள் வந்து அவற்றைப் பின்னுக்குத் தள்ளின. ஆயினும் அந்த எண்ணம் மறையவில்லை. 2011இல் குரோம்புக் வந்தது. 2023ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நம் நாட்டில் ஜியோபுக் என்ற பெயரில் ஒரு கணினி 16,499 ரூபாய் விலையில் அறிமுகமாயிற்று. அதன் திரை 11.6 அங்குலம், எடை ஒரு கிலோவுக்கும் சற்றுக் குறைவு. அதே ஆண்டு அக்டோபரில் நம் சென்னைக்கு அருகிலுள்ள ஃப்ளெக்ஸ் ஆலையிலேயே எச்.பி. நிறுவனத்தின் குரோம்புக் கணினிகள் செய்யப்படத் தொடங்கின. ஆகவே இது எங்கோ இருக்கும் சரக்கு அன்று. நம் வாசலுக்கு வந்துவிட்ட சரக்கு.

மலிவுக்கும் பயனுக்கும் உள்ள உறவை நம் நாடு ஒரு முறை கண்கூடாகக் கண்டிருக்கிறது. 2011ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் மத்திய அரசு ‘ஆகாஷ்’ என்ற தொடுதிரைப் பலகையை மாணவர்களுக்கென வெளியிட்டது. உலகிலேயே மிக மலிவானது என்று செய்தித்தாள்கள் எழுதின. அதற்குச் சரியாக இருபது நாட்களுக்கு முன்பு, செப்டம்பர் 15ஆம் நாள், தமிழ்நாடு அரசு தன் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. தமிழ்நாடு தேர்ந்தெடுத்தது பொம்மை போன்ற சிறு கருவியை அன்று. கடையில் மற்றவர்கள் வாங்கும் அதே அளவுள்ள முழு மடிக்கணினியை. முதல் ஆகாஷ் பலகையின் திரை விரல் பட்டால் உடனே கேட்கவில்லை, வேகம் போதவில்லை, மின்கலம் விரைவில் தீர்ந்தது என்று பல குறைகள் எழுந்தன. அத்திட்டம் சில ஆண்டுகளில் ஓய்ந்தது. தமிழ்நாட்டு மடிக்கணினிகளோ, விற்றுவிட்டவர்கள் சிலரை விட்டுவிட்டால், பல வீடுகளில் கல்லூரிப் படிப்பு முடிந்து வேலைக்கு விண்ணப்பம் எழுதும் வரை உழைத்தன. விலையை மட்டும் ஒப்பிட்டிருந்தால் ஆகாஷ்தான் வென்றிருக்கும்.

இனி நம் அலுவலகத்திற்கு வருவோம்.

பஞ்சாயத்து அலுவலகக் கணினி என்ன செய்கிறது? ரொக்கப் புத்தகத்தைக் காக்கிறது; வரிக் கேட்பையும் வசூலையும் பதிகிறது; தீர்மானங்களைத் தட்டச்சு செய்கிறது; கிராம சபைக்கு வரவு செலவு அறிக்கையைத் தயாரிக்கிறது; கட்டட அனுமதிக்கென வரும் வரைபடத்தைத் திறந்து காட்டுகிறது. இவற்றில் பெரும்பாலானவை எந்தக் கணினியிலும் நடக்கும். நடக்காத ஒன்றும் இருக்கிறது. அதைப் பற்றியே நாம் சற்று விரிவாகப் பேச வேண்டும்.

2020ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் மத்திய அரசு ‘இ-கிராம் ஸ்வராஜ்’ என்ற இணையதளத்தைத் தொடங்கியது. பஞ்சாயத்தின் திட்டமும் கணக்கும் அதில் ஏறுகின்றன. நிதிக் குழு மானியத்திலிருந்து ஒப்பந்ததாரருக்கோ பொருள் விற்றவருக்கோ பணம் கொடுக்க வேண்டுமானால், காசோலை எழுதுவதில்லை. இணையத்தின் வழியாகவே உத்தரவு செல்கிறது. காசோலையில் இருவர் கையொப்பமிடும் முறையை நாம் அறிவோம். அதுபோலவே இங்கும் இருவர் ஒப்பமிட வேண்டும். பேனாவால் அன்று, மின் கையொப்பத்தால். டி.எஸ்.சி. என்று அலுவலகத்தில் வழங்கும் அந்தக் கையொப்பம், கட்டைவிரல் அளவுள்ள ஒரு சிறு கருவிக்குள் இருக்கிறது. அதைக் கணினியின் பக்கத்துளையில் செருகிக் கடவுச்சொல்லைத் தட்டினால் கையொப்பம் விழும். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி இதற்கு மையால் இட்ட கையொப்பத்திற்கு உள்ள மதிப்பு உண்டு.

இப்போது கவனியுங்கள். அந்தக் கருவியைக் கணினி அடையாளம் கண்டுகொள்ள, அதற்குரிய மென்பொருளைக் கணினியில் நிறுவ வேண்டும். அத்தகைய மென்பொருள்கள் பெரும்பாலும் விண்டோஸ் இயங்குதளத்திற்கென எழுதப்பட்டவை. குரோம்புக்கில் விண்டோஸ் இல்லை. ஜியோபுக்கிலும் விண்டோஸ் இல்லை. விண்டோஸ் உள்ள சிறு மடிக்கணினிகளிலும் சில ‘எஸ் மோடு’ என்ற கட்டுப்பாட்டுடன் வருகின்றன. அக்கட்டுப்பாடு இருக்கும்வரை மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் சொந்தக் கடையிலிருந்து எடுத்ததைத் தவிர வேறெந்த மென்பொருளையும் அதில் நிறுவ முடியாது. கட்டணமின்றி அதை நீக்கிக்கொள்ளலாம்; நீக்கினால் திரும்ப வராது; நீக்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது. இன்னும் சில கணினிகளில் கைப்பேசியில் இருப்பதைப் போன்ற ஆர்ம் வகைப் பிராசஸர் இருக்கும். வெளியே விண்டோஸ் என்றே எழுதியிருந்தாலும், மற்றக் கணினிகளுக்கென எழுதிய கருவி மென்பொருள் அதில் ஏறாது. இவை எல்லாம் பெட்டியின் மேல் பொடி எழுத்தில் இருக்கும். விலை மட்டும் பெரிய எழுத்தில் இருக்கும்.

சரி, அலுவலகக் கணினியில் கையொப்பம் விழவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்ததாரர் பணத்திற்குக் காத்திருக்கிறார். குடிநீர் மோட்டார் பழுது பார்த்தவர் நாள்தோறும் வந்து நிற்கிறார். என்ன செய்வார்கள்? கடைத்தெருவில் உள்ள கணினி மையத்திற்குக் கையொப்பக் கருவியை எடுத்துச் செல்வார்கள். முதல் முறை தலைவரே செல்வார். இரண்டாம் முறை ஆள் அனுப்புவார். மூன்றாம் முறை, “அங்கேயே இருக்கட்டும், வேண்டும்போது போட்டுவிடுவார்கள்” என்று கருவியும் கடவுச்சொல்லும் அந்த மையத்திலேயே தங்கிவிடும். வெற்றுக் காசோலையில் கையொப்பமிட்டுக் கடைக்காரரிடம் கொடுத்துவைக்க எந்தத் தலைவரும் உடன்படமாட்டார். இது அதற்கு எள்ளளவும் குறைந்தது அன்று. கையொப்பச் சாவியைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டிய பொறுப்பு அதற்குரியவருடையது என்று அதே சட்டத்தின் 42ஆவது பிரிவு கூறுகிறது. பின்னொரு நாள் தணிக்கையில், “இந்தப் பணம் யாருக்குச் சென்றது?” என்ற கேள்வி எழுந்தால், “நான் கையொப்பமிடவில்லை” என்று சொல்ல வாயிருக்காது. பதினைந்தாயிரம், இருபதாயிரம் ரூபாய் மிச்சம் பிடித்ததன் விலை இவ்வளவு தூரம் போகக்கூடும். அதனால்தான் இதைச் சாதாரணக் கொள்முதல் என்று நாம் கருதவில்லை.

அடுத்தது இடவசதி. கணினிக்குள் இருவகை இடங்கள் உண்டு. ஒன்று நினைவகம், மற்றது சேமிப்பகம். முன்னது களத்தைப் போன்றது, பின்னது குதிரைப் போன்றது. களம் சிறியதானால் ஒரே நேரத்தில் நாலு கட்டுக்கு மேல் அடிக்க முடியாது. குதிர் சிறியதானால் அடித்த நெல்லை வைக்க இடமிராது. சில ஆண்டுகளுக்கு முன் 2 ஜி.பி. நினைவகமும் 32 ஜி.பி. சேமிப்பகமும் கொண்ட சிறு மடிக்கணினிகள் விண்டோஸ் இயங்குதளத்துடன் மலிவாக விற்கப்பட்டன. அந்த 32 ஜி.பி. குதிரில் பெரும்பகுதியை இயங்குதளமே அடைத்துக்கொண்டது. ஆண்டுதோறும் வரும் பெரிய மேம்பாடுகளை இறக்கி வைக்கவும் இடமில்லை. சொந்தக் கோப்பு ஒன்றுகூட வைக்காதவர்களின் கணினியும் “இடமில்லை” என்று கூறி நின்றது. மேம்பாடு ஏறாத கணினி, வேலி இல்லாத தோட்டம். நச்சு மென்பொருள்கள் எளிதில் புகும். விண்டோஸ் 11 வந்த 2021ஆம் ஆண்டில், குறைந்த அளவு 4 ஜி.பி. நினைவகமும் 64 ஜி.பி. சேமிப்பகமும் வேண்டும் என்று அந்நிறுவனமே வரையறுத்தது. அந்த வரம்பையும் இத்தகைய கணினிகள் எட்டவில்லை. 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளுடன் விண்டோஸ் 10க்கு அளித்துவந்த பொது ஆதரவும் நின்றுவிட்டது.

குறைந்த அளவு என்பது பட்டினி கிடக்காத அளவேயன்றி, வயிறு நிறையும் அளவன்று. பஞ்சாயத்துக் கணக்கையும் இணையதளத்தையும் அச்சிடும் கோப்பையும் ஒருசேரத் திறந்து வைத்து வேலை செய்ய 8 ஜி.பி. நினைவகம் வேண்டும். முழு மடிக்கணினிகள் பலவற்றில் பின்பக்க மூடியைக் கழற்றி நினைவகத்தைக் கூட்டவும், சேமிப்பகத்தை மாற்றவும் வழி உண்டு. சிறு மடிக்கணினிகளில் பெரும்பாலும் இரண்டும் தாய்ப்பலகையோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும். பழுதானால் பலகையையே மாற்ற வேண்டும்; அதைவிடப் புதிதாக வாங்குவதே மேல் என்று பழுதுபார்ப்பவர் கூறிவிடுவார். மோட்டாரில் சுருள் எரிந்தால் மீண்டும் சுற்றிக்கொள்கிறோம். சுருளுக்காக மோட்டாரையே எறிவதில்லை அல்லவா?

தமிழில் எழுதுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்99 விசைப்பலகை முறை 1999இல் அரசால் ஏற்கப்பட்டது. 2010இல் ஒருங்குறியை அரசு அலுவலகங்களுக்கு உரியதாக ஏற்றனர். புதிதாக எழுதுவதை எந்தக் கணினியிலும் ஒருங்குறியில் எழுதலாம். இதில் சிறியது பெரியது என்ற வேற்றுமை இல்லை. சிக்கல் பழைய கோப்புகளில் இருக்கிறது. பல அலுவலகங்களில் பழைய தீர்மானங்களும் கடிதங்களும் வானவில் முதலிய பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த ஏதோ ஒன்று தோன்றும். முழு விண்டோஸ் கணினியில் எழுத்துருவை நிறுவிக்கொண்டால் போதும். குரோம்புக் போன்றவற்றில் அது எளிதில் ஆகாது. இருபது ஆண்டுத் தீர்மானங்களைப் படிக்க முடியாத கணினியைப் பஞ்சாயத்து என்ன செய்வது? வேலை சற்று ஓய்ந்த நாட்களில் அக்கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றிவிட வேண்டும் என்பதையும் இங்கேயே கூறிவிடுகிறோம்.

திரையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பதினொரு அங்குலத் திரையில் ரொக்கப் புத்தகத்தின் பத்திகள் அனைத்தும் தெரிவதற்குள் எழுத்து எறும்பாகிவிடும். அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவர் பலருக்கு நாற்பது வயதுக்கு மேல். மேலும் 15.6 அங்குலக் கணினிகள் பலவற்றில் வலப்பக்கத்தில் எண்களுக்கென்று தனி விசைத் தொகுதி இருக்கும்; நாள் முழுவதும் தொகை பதிபவருக்கு அதன் அருமை தெரியும். கையொப்பக் கருவி, அச்சுப்பொறி, சுட்டி ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் செருகத் துளைகள் வேண்டும் என்பதையும் மறக்கலாகாது. கிராம சபையில் வரவு செலவைச் சுவரில் விழச் செய்து காட்ட நினைத்தால், அதற்கும் ஒரு துளை இருக்க வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூடுகிறது. அந்த நாட்களில் மக்கள் முன் கணக்கை விரித்துக் காட்டும் கணினியாக இருந்தால், அதைவிடச் சிறந்த பயன் வேறென்ன இருக்க முடியும்?

இவ்வளவும் கேட்டபின், சிறு கணினி எதற்குமே உதவாது என்று யாரும் எண்ண வேண்டாம். அதன் நற்குணங்கள் உண்மையானவை. எடை குறைவு. மின்சாரம் குறைவாகக் குடிக்கும்; பிற்பகலில் மின்தடை வந்தாலும் மாலை வரை தாங்கும். பலவற்றில் உள்ளே விசிறி இல்லாததால் தூசியை இழுப்பதில்லை. நெல் அடிக்கும் காலத்தில் நம் ஊர் அலுவலகங்களில் படியும் தூசியை அறிந்தவர்களுக்கு இது சிறிய வசதியன்று. நூலகத்தில் பிள்ளைகள் படிப்பதற்கும், கடிதம் எழுதுவதற்கும், காணொளிப் பாடம் பார்ப்பதற்கும் அது போதும். முழுக் கணினி ஒன்று அலுவலகத்தில் இருந்து, இரண்டாவதாக ஒன்று வாங்க நிதியும் இருந்தால், சிறியதை வாங்குவதை நாம் வரவேற்போம். ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்ற நிலையில், அது முழு மடிக்கணினியாகவே இருக்கட்டும்.

உழவர்கள், “எங்கள் வீட்டுக்கு எது?” என்று கேட்கலாம். விதை, உரம் இருப்பு, சந்தை விலை, வானிலை ஆகியவற்றை அறிய 2018இல் வந்த உழவன் செயலி போதும். அது கைப்பேசியிலேயே இயங்கும். பட்டாவைப் பார்ப்பதற்கும் கைப்பேசி போதும். வேளாண்மைக்கென்று மட்டும் கணினி வாங்கக் கடன்பட வேண்டாம். உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் கணக்கு எழுதுபவர்களுக்கு மட்டும், பஞ்சாயத்துக்குக் கூறியதே பொருந்தும்.

பிள்ளைகளின் படிப்புக்கென்றால், முதலில் அவர்களின் பாடத்தைக் கேளுங்கள். கலைப் படிப்பு, மொழிப் படிப்பு என்றால் சிறு கணினியில் காலம் தள்ளலாம். பாலிடெக்னிக்கில் கட்டட வரைகலை படிக்கும் பையனுக்கு ஆட்டோகேட் வேண்டும். வணிகவியல் படிக்கும் பெண்ணுக்கு டேலி வேண்டும். இவ்விரண்டிற்கும் விண்டோஸ் உள்ள முழு மடிக்கணினியே ஏற்றது. தொடக்கப் பள்ளிக் குழந்தைகளைப் பற்றிக் கேட்பவர்களுக்கு வேறொரு செய்தி இருக்கிறது. நாம் முன்னர் கூறிய அந்தப் பச்சைக் கணினியைத் தென் அமெரிக்காவின் பெரு நாடு கிராமப்புறப் பள்ளிகளுக்கு லட்சக்கணக்கில் வாங்கி வழங்கியது. 319 பள்ளிகளை எடுத்துக்கொண்டு நடத்திய ஆய்வு 2012இல் வெளியாயிற்று. கணிதத்திலும் மொழிப் பாடத்திலும் குழந்தைகளின் தேர்ச்சி அதனால் உயர்ந்ததாக ஆய்வாளர்கள் காணவில்லை. ஆகவே சிறு குழந்தைக்குக் கணினி வாங்க வைத்திருக்கும் பணத்தைப் பத்திரப்படுத்தி, அது மேல்வகுப்புக்குச் செல்லும்போது நல்ல கணினியாக வாங்கிக் கொடுக்கலாம் என்பது நமது கருத்து. பெற்றோர் சிலர் இதை ஏற்கமாட்டார்கள்; அண்டை வீட்டில் வாங்கிவிட்டார்களே என்பார்கள்!

இனி வாங்கும் முறை. “மடிக்கணினி ஒன்று வாங்கலாம்” என்று தீர்மானம் எழுதினால், எதை வேண்டுமானாலும் கொண்டுவந்து வைத்துவிட இடமிருக்கிறது. தீர்மானப் புத்தகத்திலேயே அளவுகளை எழுதுங்கள்: திரை 14 அங்குலத்திற்குக் குறையாமல், முடிந்தால் எண் விசைகளுடன் 15.6 அங்குலம், நினைவகம் 8 ஜி.பி., பின்னர் கூட்டிக்கொள்ள வசதியுடன், சேமிப்பகம் எஸ்.எஸ்.டி. வகையில் 256 ஜி.பி.க்குக் குறையாமல்; கட்டுப்பாடு எதுவுமற்ற முழு விண்டோஸ் 11; ஆர்ம் வகையல்லாத பிராசஸர்; மூன்று யு.எஸ்.பி. துளைகள், அலுவலகத்திற்கே வந்து பழுது பார்க்கும் மூன்றாண்டு உத்தரவாதம். கடைசியாகச் சொன்னதை வலியுறுத்திக் கேளுங்கள். வட்டத் தலைநகருக்குக் கணினியைத் தூக்கிச் சென்று மூன்று வாரம் காத்திருக்கும் பஞ்சாயத்தில் அந்த மூன்று வாரமும் கணக்கு நிற்கும். இதற்கு மேல் விலை உயர்ந்த கணினியும் வேண்டாம். விளையாட்டுக்கெனத் தனி வரைகலைப் பலகை பொருத்தியவற்றைக் கடைக்காரர் காட்டுவார், பஞ்சாயத்தில் அதற்கு வேலை இல்லை. 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டமும் அதன் விதிகளும் கூறும் முறைப்படி, ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கலந்துகொண்டு கொள்முதல் செய்யுங்கள். 2016 முதல் நடைபெறும் ஜெம் என்னும் அரசு மின்சந்தையில் விலைகளை ஒப்பிட்டுப் பார்ப்பதும் நன்று.

பழைய கணினியைப் புதுப்பித்து விற்பவர்களும் வருவார்கள். அவர்களிடம் ஒன்று கேளுங்கள்: இதில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறுமா? இன்டெல் பிராசஸராயின், எட்டாவது தலைமுறைக்கு முந்தியவற்றை அந்த இயங்குதளம் பொதுவாக ஏற்பதில்லை. குரோம்புக்காயின், எந்த ஆண்டு வரை மேம்பாடுகள் வரும் என்பதை அக்கணினியின் அமைப்புப் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். பழைய சரக்கில் அந்த ஆண்டு அருகில் வந்துவிட்டிருக்கும்.

பணம் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். அலுவலகத்தின் கையொப்பக் கருவியை உரியவரே கையில் எடுத்து வந்து, வாங்கப்போகும் கணினியில் அதன் மென்பொருளை நிறுவச் செய்து, கணினி அதை அடையாளம் காண்கிறதா என்று பாருங்கள். பழைய தீர்மானக் கோப்பு ஒன்றைத் திறந்து பாருங்கள். அச்சுப்பொறியில் ஒரு பக்கம் அச்சிட்டுப் பாருங்கள். அரை மணி நேர வேலை. மாட்டை நடக்கவிட்டுப் பார்க்கச் சம்மதிக்காத வியாபாரியிடம் எந்த விவசாயி மாடு வாங்குவார்?

புதுக் கணினி வந்தபின் பழையதை மூலையில் போட்டு வைப்பதும், இரும்புக்கடைக்குப் போடுவதும் வழக்கமாக இருக்கிறது. இரண்டும் வேண்டாம். அதில் ஊர் மக்களின் பெயர், வரி விவரம், அலுவலகக் கடவுச்சொற்கள் எல்லாம் இருக்கும். வேண்டிய கோப்புகளை முதலில் புதுக் கணினிக்கு மாற்றி, ஒரு நகலைத் தனி வட்டிலும் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் பழையதன் சேமிப்பகத்தை முழுவதும் அழிக்க வேண்டும். இயங்கும் நிலையில் இருந்தால், சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸ் போன்ற கட்டணமற்ற இயங்குதளம் ஒன்றை ஏற்றி, ஊர் நூலகத்தில் பிள்ளைகள் படிக்கக் கொடுக்கலாம். இயங்காததாயின், 2022ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைத்து, ரசீது பெற்று, இருப்புப் பதிவேட்டில் கழித்து எழுதிக்கொள்ளுங்கள்.